ஏலத்திற்கு வந்த முகங்கள்

ஏலம் என்ற சொல்லின் பொருளை வன்னியில் எவரும் அகராதி பார்த்து அறிவதில்லை. வரலாற்றுப் பாடவேளை ஒன்றில், போர்த்துக்கேயர் எமது மொழியில் விட்டுச் சென்ற சொற்களைச் சொல்லிக்கொண்டு வந்தோம். அலுமாரி, கதிரை, யன்னல், சாவி என்று வந்த வரிசையில் ஏலத்தையும் சேர்த்து, அதன் பொருள் யாதென மாணவரையே வினவினோம். கோயில் திருவிழாவில் மாம்பழத்தையும் வாழைக்குலையையும் கூவி விற்பது என்றான் ஒருவன். பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி, வங்கியில் அடைவு வைத்த சங்கிலி திரும்பி வராமற் போவது என்றாள். வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை. கிளிநொச்சி மாவட்டத்தில் அச்சொல்லின் முதற்பொருள் அதுவே.

மூன்றாவது வகை ஏலம் ஒன்றும் உலகில் உண்டு, அங்கே மனித முகங்களின் புகைப்படங்கள் இலட்சக் கணக்கில் விலைபோகின்றன என்று சொன்னோம். உடனே வந்தது கேள்வி: "ஆற்றை முகம், சேர்?"

அன்று மணி அடித்துவிட்டது. விடை சொல்லும் கடன் மட்டும் எம்மிடம் தங்கிவிட்டது. அதன்பின் தேடிப் படித்தவற்றையும், படித்தபோது எழுந்த எண்ணங்களையும் இங்கு எழுதுகிறோம்.

பெரிய ஏல நிறுவனங்கள் அச்சிடும் பட்டியலை எடுத்து நோக்கினால், ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரே ஒழுங்கு காணப்படும். முதலில் படம் பிடித்த கலைஞரின் பெயர். அடுத்து தலைப்பு, ஆண்டு, அளவு. முட்டை வெண்கருப் பூசிய தாளா, வெள்ளி உப்புத் தாளா, பிளாட்டினத் தாளா என்ற விபரம். அதன் கீழே உடைமை வரலாறு: இன்ன பிரபுவின் வீட்டிலிருந்து இன்ன வணிகருக்கு, அவரிடமிருந்து இன்ன சேகரிப்பாளருக்கு என்று அத்தாள் கைமாறிய கதை. கடைசியில் எதிர்பார்க்கும் விலை. சுத்தியல் விழுந்த பின்னர், விழுந்த விலைக்கு மேல் நிறுவனத்துக்கு உரிய தரகையும் வாங்குபவரே செலுத்த வேண்டும். படத்தில் இருப்பவர் புகழ் பெற்றவராயின் அவர் பெயரே தலைப்பாகிவிடும். அல்லாதவராயின், நூற்றைம்பது ஆண்டுக் காலத்தில் அத்தாளைத் தொட்ட அத்தனை பேரின் பெயர்களும் பட்டியலில் இருக்கும். தாளிலிருந்து எம்மை நோக்கும் மனிதரின் பெயர் மட்டும் இராது.

புகைப்படம் ஏலப்பொருளாவதற்கு ஒரு தடை இருந்தது. ஓவியமும் சிற்பமும் ஒற்றைப் பொருள்கள். அவற்றின் அருமை இயல்பாக அமைந்தது. புகைப்படமோ ஒரு நெகற்றிவிலிருந்து நூறு படிகளாகப் பெருகக்கூடியது. பெருகக்கூடிய பண்டத்துக்கு அருமையை உண்டாக்குவது எப்படி? வர்த்தகத்தின் கெட்டித்தனத்தை இங்கேதான் காண்கிறோம். படம் பிடித்த காலத்திலேயே கலைஞர் தம் கையால் அச்சிட்ட படி மேலானது, பிற்காலத்துப் படி கீழானது என்று தரம் பிரித்தனர். இத்தனை படிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என எண்ணிட்டுக் கையொப்பமிட்டனர். நெகற்றிவ் உடைந்தாலோ எரிந்தாலோ படியின் விலை ஏறிற்று. ஒரு தொழிலாளியின் கைவினை மழுங்கினால் அவன் கூலி குறையும். கலைச்சந்தையிலோ, அழிவும் ஆதாயமாகும்.

சொதெபி நிறுவனம் இலண்டனில் புகைப்படங்களுக்கென ஒழுங்கான ஏலங்களை 1971ல் தொடங்கியது. அதற்கு முன்னர் பழைய படங்கள் நூல்களின் ஏலத்தில் ஓரமாக இடம் பெற்றவை. அரை நூற்றாண்டு கழித்து, 2022 மே மாதம், மான் ரே என்பவர் 1924ல் பிடித்த ஒரு பெண்ணின் முதுகுப் படம் நியூயோர்க்கில் கிறிஸ்ரி நிறுவனத்தின் ஏலத்தில் ஒரு கோடி 24 இலட்சம் டொலருக்கு விற்பனையாயிற்று. ஏலத்தில் ஒரு புகைப்படம் அதுவரை பெற்றிராத விலை அது. அம்முதுகுக்கு உரியவள் பாரிஸ் நகரத்துக் கீக்கி. வறுமையில் வாடி 1953ல் இறந்தவள். அவள் பெயராவது உலகுக்குத் தெரியும். எம் நாட்டில் வேறொரு முதுகு உண்டு. அதன் கதைக்கு வருமுன், எமது மாணவர் பாடநூலில் மனனம் செய்யும் ஒரு பெயரிலிருந்து தொடங்க வேண்டும்.

கோல்புறூக் – கமரன் ஆணைக்குழு என்று இந்நாட்டில் பரீட்சைக்குப் படித்த யாவரும் சொல்வர். 1833ல் நடைமுறைக்கு வந்த அச்சீர்திருத்தம் இராசகாரிய முறையை ஒழித்தது. நாட்டை ஐந்து மாகாணங்களாக வகுத்தது. வன்னி வடமாகாணத்துள் அமைந்தது அப்போதுதான். கட்டாய ஊழியத்தை ஒழித்தது முற்போக்கான செயல் என்பதில் ஐயமில்லை. ஆயின் கட்டாய ஊழியத்திலிருந்து விடுபட்ட உழைப்பும், 1840ம் ஆண்டு அரச காணிச் சட்டத்தால் கையகப்பட்ட காடும் கோப்பித் தோட்டத்துக்கு எவ்வளவு தேவையாக இருந்தன என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். ஆணைக்குழுவின் இரண்டாமவரான சாள்ஸ் ஹே கமரன் வெறும் அறிக்கையோடு நிற்கவில்லை. மலைநாட்டில் தோட்டங்களுக்கும் உடைமையாளரானார். அவருடைய மனைவிதான் ஜூலியா மார்கரெட் கமரன். இன்று உலகப் புகைப்பட ஏலங்களில் பெரிதும் மதிக்கப்படும் பெயர்களுள் அது ஒன்று.

கல்கத்தாவில் 1815ல் பிறந்த அவர், நாற்பத்தெட்டாம் வயதில், 1863ன் இறுதியில், மகளும் மருமகனும் பரிசளித்த கமராவைக் கொண்டு தொழிலைக் கற்றார். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைத்திரேற்றில் தோய்த்து, ஈரம் உலருமுன் படம் பிடித்துக் கழுவ வேண்டிய காலம் அது. அமர்ந்திருப்பவர் சில நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டும். அவரை ஒரு வெள்ளைத் துரைசானி என்று ஒதுக்கிவிட எமக்கு மனமில்லை. இருளிலிருந்து மெல்லத் திரண்டு வரும் அம்முகங்களைப் பார்த்தவர் எவரும் அவரது ஆற்றலை மறுக்கார். கூர்மையாகப் படம் விழாததைக் குறையென்று அக்காலத்து நிபுணர் எள்ளினர். அக்குறையே பின்னர் அவரது முத்திரையாயிற்று. படங்களுக்குப் பதிப்புரிமை பதிந்து இலண்டன் கடையில் விற்கவும் அவர் அறிந்திருந்தார்.

அவர் முன் அமர்ந்தவர் யார்? விஞ்ஞானி ஹேர்ஷல், டார்வின், கவிஞர் தெனிசன், கார்லைல். யமேக்காவில் 1865ல் கிளர்ந்த கறுப்பின மக்களை நூற்றுக்கணக்கில் கொல்வித்த ஆளுநர் எயர்கூட உண்டு. மக்தலாப் போரின் பின் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட எதியோப்பியச் சிறுவன் அலமாயு 1868ல் அமர்ந்தான். அவன் சிறைப்பட்டவன், எனினும் இளவரசன், ஆதலால் பெயர் உண்டு. பல படங்களில் மாதாவாக நின்ற வீட்டுப் பணிப்பெண் மேரி ஹிலியரின் பெயரும் எமக்குக் கிடைக்கிறது.

1875ல் கமரன் குடும்பம் இலங்கைக்குக் குடிபெயர்ந்தது. கோப்பியை இலைநோய் 1869 முதல் அரித்துக்கொண்டிருந்தது. குடும்பத்தின் கடனும் பெருகியிருந்தது. களுத்துறையில் மகனின் வீட்டில் தங்கியிருந்தபோது ஜூலியா மீண்டும் கமராவைத் தூக்கினார். 1877 தொடக்கத்தில் அங்கு சென்ற ஓவியர் மரியான் நோர்த் தம் நினைவு நூலில் அக்காட்சியை எழுதியிருக்கிறார். தொண்ணூற்றாறு பாகை வெப்பத்தில் அவரைக் கம்பளித் துணியால் போர்த்தி, தென்னோலை முகத்தில் குத்த நிறுத்திவைத்துப் படம் பிடித்தாராம். அதே நூலில் இன்னொருவரும் வருகிறார். ஒரு மனிதனின் முதுகு அழகாயிருந்தது என்பதற்காக அவனைத் தோட்டக்காரனாக வேலைக்கு வைக்கும்படி ஜூலியா மகனை வற்புறுத்தினார் என்றும், அவ்வீட்டில் தோட்டமே இருக்கவில்லை என்றும் நோர்த் நகைச்சுவையாகக் கூறுகிறார். நோர்த்தின் பெயர் உண்டு. படம் பிடித்தவர் பெயர் உண்டு. வீட்டுக்காரர் பெயர் உண்டு. முதுகுக்கு உரியவன் முதுகாகவே நின்றுவிட்டான்.

இலங்கையில் அவர் பிடித்த படங்களில் சிங்களவரும் தமிழருமான உழைப்பாளர் இருக்கின்றனர். களுத்துறைக் குடியானவர், இலங்கைப் பெண் என்பன போன்ற தலைப்புகளே அவற்றுக்கு. அவரது படைப்பென அறியப்பட்ட ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட படங்களுள் இலங்கையில் எடுத்து எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. தமிழிலே அருமை என்ற சொல்லுக்கு அரிதாகக் கிடைத்தல் என்றும் விலைமதிப்பு என்றும் இரு பொருள் உண்டல்லவா? சந்தைக்கும் அவ்விரு பொருளும் ஒன்றே.

ஜூலியா 1879 ஜனவரியில் மலைநாட்டிற் காலமானார். கணவர் மறு ஆண்டு. பொகவந்தலாவைத் தேவாலய முற்றத்தில் இருவருக்கும் பெயர் பொறித்த கல் உண்டு. கோப்பிச் செடிக்கடியிற் புதைந்தோருக்குக் கல் இல்லை.

முகத்துக்குப் பெயர் இருப்பதனால் நேரும் பயன் என்ன என்பதைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று 1974ல் நடந்தது. ஜூலியா தம் நண்பர் ஹேர்ஷலுக்குத் தொகுத்தளித்த, 94 படங்கள் கொண்ட தொகுதியைச் சொதெபி ஏலம் விட்டது. சாம் வாக்ஸ்ராவ் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளர் 52,000 பவுணுக்கு அதனை வாங்கினார். பிரித்தானியாவில் ஒரே ஆரவாரம். ஏற்றுமதி அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. தேசிய உருவப்பட மாடம் மக்களிடம் நிதி திரட்டி, 1975ல் அதே தொகையைக் கொடுத்துத் தொகுதியைத் தன் நாட்டிலேயே நிறுத்திக்கொண்டது. 2018லும் இவ்வாறே, ஜூலியா தமக்குக் கமரா தந்த மகளுக்கும் மருமகனுக்கும் அளித்த தொகுதியை 37 இலட்சம் பவுண் மதிப்பிட்டு, வெளியே செல்லாதபடி அந்நாட்டு அரசு தற்காலிகத் தடை விதித்தது. இதில் நாம் பொறாமைப்பட ஏதுமில்லை, கற்றுக்கொள்ள உண்டு. அம்முகங்கள் தமது வரலாறு என அந்நாட்டார் உணர்ந்தனர். ஏலமேடை அவர்களுக்கு முடிந்த முடிபாகவில்லை. களுத்துறையின் பெயரற்ற முகங்களுக்காக எந்த நாடு ஏற்றுமதித் தடை விதித்தது?

பெயர் வேண்டாம், பெயரற்றிருப்பதாலேயே அம்முகம் மானுடத்துக்குப் பொதுவாகிறது என்று வாதிடும் அழகியலாளர் உளர். தமிழ் படித்தவருக்கு இவ்வாதம் புதிதன்று. எமது அகப்பாடல் மரபிலும் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சுட்டுவதில்லை. காதல் எல்லார்க்கும் உரியது என்பதால் அவ்விதி. ஆனால் அங்கே எவருக்கும் பெயரில்லை. மலைநாடனும் பெயரற்றவன், பரதவர் மகளும் பெயரற்றவள். ஒரே சபையில் பாதிப்பேருக்குப் பெயரும் பட்டமும், மீதிப்பேருக்கு முதுகும் தலைச்சுமையும் என்று வகுப்பது அகமரபன்று. புறமரபிலோ நிரை மீட்டு வீழ்ந்த சாதாரண மறவனுக்கும் நடுகல்லிற் பெயர் பொறித்தனர். இருண்ட படத்தின் அடியிற் பெயர் எழுதாமல் விட்டதைக் கலை என்று கொள்ள எமது மரபு இடந்தருவதாக எமக்குத் தோன்றவில்லை.

இதில் ஜூலியா ஒருவரைக் குறைசொல்லிப் பயனில்லை. அவராவது முகத்தைத் தேடினார். அக்காலத்துப் பெருவழக்கு 'மாதிரி'களைத் தேடுவதாக இருந்தது. 1857ம் ஆண்டுப் பேரெழுச்சிக்குப் பின் இந்திய மக்களைச் சாதி சாதியாக, இனம் இனமாகப் படம் பிடித்து, 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டனர். இலங்கையில் ஸ்கீன், ஸ்கோவன், பின்னாளில் பிளாற்றே முதலிய நிறுவனங்கள் தமிழ்ப் பெண், சிங்களப் பெண், ரொடியர் எனத் தலைப்பிட்டுக் கப்பற் பயணிகளுக்கு விற்றன. பயணிகள் வாங்கிச் சென்று தொகுதியாகக் கட்டியவை, அவர்களது பேரப்பிள்ளைகள் வீடு மாறும்போது ஏலத்திற்கு வருகின்றன. ஆள்வதற்காக எடுத்த படம், பின்னர் நினைவுப் பொருளாகி, இப்போது நுண்கலை என்று பெயர் பெற்றிருக்கிறது. தாள் அதுவே. தலைப்பும் பெரும்பாலும் அதுவே.

நுண்கலை என்று நெஞ்சாரச் சொல்லத்தக்கவை லயனல் வென்ற்றின் படங்கள். 1900ல் பிறந்து 1944ல் மறைந்த இப்பியானோக் கலைஞர், 43 குழுவின் தோற்றத்துக்கு உழைத்தவர். மீனவரையும் உழவரையும் அவர் காட்சிப்பொருளாகப் பார்க்கவில்லை. நேசித்தே பார்த்தார் என்பது எமது கருத்து. அவர் மறைவின் பின் நெகற்றிவ்கள் பெரும்பாலும் அழிந்தமையால், எஞ்சிய படிகள் இப்போது வெளிநாட்டு ஏலங்களில் ஏறுகின்றன. அங்கும் அந்த மீனவர் யாரென்று எழுதப்படுவது அரிது. நேசம் கூட முகவரி கேட்க மறந்துவிடுகிறது.

களுத்துறைக்கும் மலைநாட்டுக்கும் வன்னிக்கும் என்ன தொடர்பு என வாசகர் கேட்கலாம். தொடர்பு காலால் நடந்து வந்தது. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து தோணியேறிய தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னியின் ஓரத்துக் காடுகளூடாக மாத்தளை நோக்கி நடந்தனர். கொலராவும் காய்ச்சலும் பசியும் வழிநெடுகக் கொன்றன. தப்பி மலையேறியவரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் 1948ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1977ம், 1983ம் ஆண்டுக் கலவரங்களில் அடிபட்டு, உயிரைக் காத்துக்கொள்ள வந்து சேர்ந்த இடங்களுள் முதன்மையானது கிளிநொச்சியும் வவுனியாவும் முல்லைத்தீவும் அடங்கிய இதே வன்னி. முப்பாட்டன் நடந்து கடந்த காட்டை வெட்டிப் பேரன் குடியேறினான். அவர்களுடைய பிள்ளைகள் எமது வகுப்பில் இருக்கின்றனர். இலண்டன் மாளிகையில் 'இலங்கைப் பெண்' என்ற தலைப்போடு தொங்கும் முகம், மூன்றாம் வரிசையில் கணிதக் கொப்பியை மறைத்துக்கொண்டிருக்கும் சிறுமியின் பூட்டியாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பெயர் எழுதாதவர்கள் அவளிடமிருந்து பறித்தது அந்த நிச்சயத்தையே.

இது வெறும் மனக்குறையன்று, வழக்காடத்தக்க உரிமை என்று அமெரிக்காவில் ஒருவர் காட்டினார். 1850ல் ஹார்வார்ட் பேராசிரியர் அகாசி, கறுப்பினத்தார் தாழ்ந்தவர் என்ற தம் கொள்கைக்குச் சான்று தேடி, தென் கரோலினாவில் அடிமைகளாயிருந்த ரென்ரி என்ற முதியவரையும் அவர் மகள் டெலியாவையும் ஆடை களைவித்துப் படம் பிடிக்கச் செய்தார். 1976ல் அத்தகடுகள் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் வெளிப்பட்டன. தாம் ரென்ரியின் வழித்தோன்றல் எனக் கூறிய தமரா லானியர் 2019ல் வழக்குத் தொடுத்தார். படம் அதைப் பிடித்தவருக்குரியது, படத்தில் இருப்பவருக்கு உடைமை இல்லை என்ற பழைய விதியையே நீதிமன்றம் முதலில் எடுத்துரைத்தது. 2022ல் மாநில உயர்மன்று, உடைமை இல்லையென்றாலும் மன வேதனைக்காக அவர் வழக்காடலாம் என்றது. 2025ல் இணக்கம் ஏற்பட்டு, ஹார்வார்ட் அத்தகடுகளைக் கைவிட, அவை தென் கரோலினாவின் சாள்ஸ்ரன் நகரிலுள்ள ஆபிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்கு உரியவாயின. அவரால் இவ்வளவும் முடிந்தது எதனால்? ரென்ரி, டெலியா என்ற இரு பெயர்களும் அப்படங்களோடு எழுதப்பட்டிருந்தன. இழிவுபடுத்த எடுத்த படத்திற்கூட எழுதியிருந்த பெயரே நூற்றெழுபது ஆண்டு கழித்து வாய் திறந்தது.

இனி எம் மண்ணுக்கு வருவோம். வன்னி முகப்படம் குறைந்த நாடு. பண்டாரவன்னியனுக்கே உருவப்படம் இல்லை. 1803ல் அவன் பொருதபோது கமரா பிறக்கவில்லை. வவுனியா நகரில் நிற்கும் சிலையின் முகம் சிற்பியின் கற்பனை. எமது மாணவர் தம் கொப்பிகளில் அவனை வரையும்போது ஒவ்வொருவரும் தத்தம் மாமன் சித்தப்பன் மீசையையே வைத்து வரைகின்றனர். அதில் ஒரு நியாயமும் உண்டு. பிற்காலத்திற் பட்டணங்களில் ஸ்ரூடியோக்கள் வந்தன. கலியாணத்துக்கு ஒன்று, பூப்புனித நீராட்டுக்கு ஒன்று, முன்விறாந்தைச் சுவரில் மாலையிட்டு ஒன்று. காட்டோரக் கிராமங்களின் ஏழைகளுக்கு, 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டைக்காக எடுத்ததே வாழ்நாளின் முதற் படமும் கடைசிப் படமுமாக அமைந்தது. ஆளைக் கணக்கெடுக்க அரசு கேட்ட படம், ஆள் போன பின் வீட்டுக்குத் தெய்வமாயிற்று.

2008லும் 2009லும் இடம்பெயர்ந்தோர் கையிற் கொண்டது உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை. அல்பம் பாரமானது. சிலர் படங்களை மட்டும் கிழித்தெடுத்துப் பொலித்தீனிற் சுற்றினர். சிலர் பதுங்குகுழியிற் புதைத்தனர். மழை குழிகளை நிரப்பியது. சீருடை அணிந்த பிள்ளையின் படத்தைத் தாயே அடுப்பில் இட்டதும் உண்டு. அப்படம் கையில் அகப்பட்டால் எஞ்சிய பிள்ளைக்கு ஆபத்து. ஒரு நாட்டின் உருவப்படத் தொகுதி இவ்வாறு சில மாதங்களில் அழிந்தது. எஞ்சியவர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமுக்குச் சென்றபோது பலரிடம் ஒரு முகமும் இருக்கவில்லை. களுத்துறையிலே பெயரற்ற முகம். இங்கே நூற்றுக்கு நூறு பெயர் தெரியும், முகம் இல்லை.

பின்னர் அம்முகங்களைத் தேடிச் சேகரித்தவர்கள் தாய்மார். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வீட்டிலிருந்து, பாடசாலைக் குழுப்படத்திலிருந்து, வேறொருவர் கலியாணப் படத்தின் ஓரத்திலிருந்து வெட்டி எடுத்துப் பெருப்பித்தனர். 2017 பெப்ரவரி 20ம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி ஆலயத்தின் முன்னும், அடுத்த சில நாள்களில் வவுனியாவிலும், மார்ச்சில் முல்லைத்தீவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய போராட்டம் எட்டாண்டுகளையும் கடந்தது. வவுனியாவில் வீதியோரக் கொட்டகையில் வரிசையாகத் தொங்கிய அப்படங்களை நாம் பலமுறை நின்று பார்த்திருக்கிறோம். வன்னியிற் சேர்க்கப்பட்ட உருவப்படத் தொகுதிகளுள் அதனினும் பெரியதொன்றை நாம் கண்டதில்லை. ஒவ்வொன்றின் கீழும் பெயர், ஊர், காணாமற்போன நாள், கடைசியாகக் கண்ட இடம். உடைமை வரலாறு என்று ஏலக்காரர் சொல்வதை இத்தாய்மார் எழுதியிருக்கும் முறையைப் பார்க்க வேண்டும்: இவனை நான் பெற்றேன், இந்நாளில், இவ்விடத்தில் ஒப்படைத்தேன்.

ஆனால் கதை இங்கும் திரும்புகிறது. செய்திப் படக்காரர் வருகின்றனர். படத்தை ஏந்திய தாயைப் படம் பிடிக்கின்றனர். அது அவசியமான தொண்டே. அவர்கள் இல்லாவிடில் உலகம் அறியாது. அப்படம் முகவர் நிறுவனத்தின் களஞ்சியத்திற் சேர்ந்து விலைக்குப் போகிறது. அடிக்குறிப்பு பல சமயங்களில் 'இலங்கையின் வடக்கில் ஒரு தமிழ்ப் பெண்' என்றளவில் நின்றுவிடுகிறது. படமெடுத்தவர் பெயர் உண்டு, நிறுவனத்தின் பெயர் உண்டு. தாயின் கையிலுள்ள படத்தின் கீழே தமிழில் தெளிவாக எழுதியிருக்கும் பெயரை வாசிப்பதற்குத்தான் ஆளில்லை. இன்னும் ஐம்பது ஆண்டில் அது எண்ணிட்ட படியாக ஏலமேடைக்கு வராதென்று யார் உறுதி கூறுவார்?

இவையெல்லாம் மனதில் உறுத்த, ஒரு தவணையில் மாணவருக்கு ஒரு வேலை கொடுத்தோம். வீட்டில் உள்ளவற்றுள் மிகப் பழைய முகத்தைக் கொண்டு வாருங்கள். யார், எவ்வூர், எந்த ஆண்டு, யார் பிடித்தது என்று கேட்டு எழுதி வாருங்கள் என்றோம். பாதிப்பேர் வெறுங்கையோடு வந்தனர். அவர்களை நாணச் செய்துவிட்டோமே என்று எமக்கு வருத்தமாயிற்று. ஆயினும் அவர்களுள் ஒருத்தி, படம் இல்லை, ஆனால் அப்பப்பா எப்படி இருப்பார் என்று அப்பம்மா சொன்னதை எழுதி வந்தேன் என்று ஒரு முழுப்பக்கத்தை நீட்டினாள். தலைப்பாகை, இடக்கண்ணுக்கு மேல் தழும்பு, சிரித்தால் தெரியும் வெற்றிலைக் கறை. அதையும் படமென்றே எண்ணி மற்றவற்றோடு சுவரில் ஒட்டினோம். இன்னொருத்தி கொணர்ந்தது தோட்டத்திற் பிறந்து 1977ல் வன்னிக்கு வந்த பாட்டியின் அடையாள அட்டைப் பிரதி. வட்டமாக இருந்த முகத்தின் மேல் முத்திரையின் அரைவட்டம்.

கடைசியாக ஒரு பையன் கலியாணப் படம் ஒன்றைக் கொண்டு வந்தான். குழிக்குள் கிடந்து ஈரத்தில் ஊறியது. மாப்பிள்ளையின் தலைப்பாகை தெரிந்தது, மாலைகள் தெரிந்தன, பின்னால் நின்றவர்கள் ஓரளவு தெரிந்தார்கள். மணப்பெண்ணின் முகம் இருந்த இடம் வெள்ளையாகக் கரைந்திருந்தது. அவன் விரலை வைத்துப் பின்வரிசையில் நின்ற ஆறு பேரின் பெயரையும் தடையின்றிச் சொன்னான். மூவர் இப்போது இல்லை என்பதையும் சொன்னான். பின்புறத்தில் பெயர்களை எழுது, பேனை மை மறுபக்கம் ஊறும், பென்சிலால் எழுது என்றோம். வரிசையாக எழுதிக்கொண்டு வந்தவன் கரைந்த முகத்தண்டை வந்ததும் நிறுத்தினான்.

"அம்மம்மா எண்டு எழுதவோ சேர், அம்மம்மான்ரை பேரை எழுதவோ?"

இரண்டையும் எழுதச் சொன்னோம்.